பல் டாக்டரின் பற்கள் பெல்ட் வரை வழிந்த விவரம்

அன்பும், அதைவிட ஒரு பிடி அதிகமாகப் பயமும் கொண்ட அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவைத் தவிர எல்லாரும் நலம். அப்பாவும் உடம்பளவில் நலம்தான். அங்கே உங்கள் நலத்தையும் மாமாவுடைய முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல் என்று எழுத வேண்டும். ஆவல் இருக்கிறது. ஆனால் பதில் வருவதற்குள் விடிந்துவிடும், விடிந்தால் லாரி வந்துவிடும். ஆகவே மரியாதையைச் சுருக்கிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நாளை உங்கள் வாசலில் ஒரு பெரிய மூட்டை வந்து இறங்கும். பழைய போர்வை சுற்றி, பச்சைக் கயிறு போட்டு, காணாமல் போன மாட்டைப் பிடித்துக் கட்டியது மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம். நீங்கள் ஊர் மாறிப் போகும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போன பெரிய பிரிண்டர்தான் அது. லாரிக்காரரைத் திட்டாதீர்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது. மெஷினைத் திருப்பியும் அனுப்பாதீர்கள். காகித ரோல் மாட்டுகிற இடத்தின் மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே ஒரு கடிதம் இருக்கும். இதைப் படிக்கிறீர்கள் என்றால் திறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மிக்க நன்றி. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னிக்கவும். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன். இந்த வீட்டில் இந்த நேரத்தில் விளக்கு எரிந்தாலும் ஏன் என்று யாரும் கேட்காத ஒரே அறை இதுதான். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் பேசினால் ஸ்பீக்கர் போடாமலேயே பக்கத்து அறைக்குக் கேட்கும். செய்தி அனுப்பலாம் என்றால், ஃபோனில் வருவதெல்லாம் பொய் என்று நீங்கள் திறக்காமலேயே அழித்துவிடுவீர்கள். ஆகவே காகிதம்.

அத்தை, மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு நான்.

முதலில் கிளிட்ச் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் குழப்பம் வரும். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது சிக்னல் போய், செய்தி வாசிப்பவரின் நெற்றி ஒரு பக்கமும் வாய் இன்னொரு பக்கமும் கட்டம் கட்டமாக நகர்ந்து, நடுவில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் ஓடும் அல்லவா? நீங்கள் எழுந்து போய் டிவியின் தலையில் ஒன்று போடுவீர்களே, அதேதான். அந்தக் கோளாறை வேண்டுமென்றே, ஆசை ஆசையாக, ஒழுங்காக இருக்கும் புகைப்படத்தில் வரவழைப்பதற்குப் பெயர் கிளிட்ச் கலை. அதற்கென்று ஒரு ஆப் இருக்கிறது. என் வகுப்பில் வட்டக்கண்ணாடி என்று ஒருத்தி இருக்கிறாள், அவள்தான் காட்டினாள். நன்றாக இருப்பதை உட்கார்ந்து கெடுப்பது ஒரு கலையா என்று கேட்பீர்கள். நம் குடும்பத்தில் எல்லாரும் வெறுங்கையாலேயே செய்வதை இது ஆப் வைத்துச் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் சும்மா கெடுத்தால் அழகு வராது. எவ்வளவு கெடுப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று ஒரு கணக்கு உண்டு. சிவப்பை மட்டும் ஒரு மயிரிழை இடது பக்கம் தள்ளினால் படம் லேசாகத் தள்ளாடும். இன்னும் தள்ளினால் வாந்தி வரும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே நிறுத்தினால் நம் வீட்டு மாடிப்படி கூட ஏதோ யோசித்துக்கொண்டிருப்பது போலத் தெரியும். மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் அம்மாவின் துண்டு, இவற்றை மட்டும் கெடுத்துக்கொண்டு நான் பாட்டுக்கு நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன்.

எனக்கென்று ஃபோன் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நம் அச்சுக்கடை ஃபோனில்தான் செய்வேன். பள்ளிவிட்டு வந்ததும் கடையில் எனக்கு ஒரு வேலை உண்டு. வாடிக்கையாளர்கள் அனுப்பும் படங்களை எல்லாம் பொறுக்கி, கடை ஃபோனில் 'அச்சுக்கு' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்க வேண்டும். மறுநாள் காலையில் மையண்ணன் வயரைச் செருகி அதில் இருப்பதை எல்லாம் வரிசையாக அச்சடித்துவிடுவார். மையண்ணனை உங்களுக்கே தெரியும், மெஷினோடு சேர்த்து நீங்கள் அனுப்பியவர்தான். விரலில் மை இன்னும் போகவில்லை. அவர் படத்தைத் திறந்து பார்ப்பதில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் கடையை எப்போது சாத்துவது என்று அப்பா சொல்லி வைத்திருக்கிறார். நம் கடையின் வேகத்துக்குக் காரணம் இந்த வழக்கம்தான். நம் கடையின் இன்றைய நிலைமைக்கும் இதுதான் காரணம். நான் மட்டும் இல்லை என்று காட்டுவதற்காக இதைச் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் பல் டாக்டரின் படம் வந்தது. புதிதாக ஒரு கிளினிக் திறக்கிறாராம். வரவேற்பறைச் சுவரில் ஆள் உயரத்துக்குத் தான் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தார். படத்தைத் திறந்தேன். அத்தை, அப்படி ஒரு வெள்ளைப் பல்லை நான் பார்த்ததில்லை. அந்த ஆப்பில் ஒரு விசை இருக்கிறது. படத்தில் எங்கெல்லாம் வெளிச்சம் அதிகமோ அதை மட்டும் பிடித்துக் கீழே இழுத்துவிடும். சும்மா, ஒரே ஒரு தடவை, பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்று தள்ளினேன். பற்கள் பால் பொங்கி வழிவது போல வழிந்தன. மோவாயைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, டையின் மேலேயே இறங்கி, பெல்ட்டில் போய் நின்றன. கண்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல அப்படியே சிரித்துக்கொண்டிருந்தன. நான் செய்ததிலேயே அதுதான் சிறந்த படம். மற்ற விஷயத்தில் நான் பொய் சொன்னாலும் சொல்வேன், இதில் சொல்லமாட்டேன்.

சேமிக்கலாம் என்று அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து அம்மா, "சாப்பிட வரியா, இல்ல எடுத்து உள்ள வெச்சிடட்டுமா?" என்று கேட்டாள். அதே நேரம் பார்த்து ஆப்பும், இந்த ஃபோல்டரில் இருக்கும் எல்லாப் படங்களுக்கும் இதையே செய்து பழையதன் மேல் எழுதட்டுமா என்று கேட்டது. நான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சரி சொன்னேன். அம்மாவுக்கு வாயால், ஆப்புக்குக் கட்டைவிரலால். சாப்பிட்டேன், படுத்தேன், தூங்கினேன். குற்றவாளிகளுக்குத் தூக்கம் வராது என்பதெல்லாம் சும்மா. தெரியாமல் செய்த குற்றத்துக்கு நன்றாகவே வரும்.

மறுநாள் பள்ளிவிட்டு வந்தால் கடைத் தரை முழுக்க ஈரம் காயாத படங்கள் பரப்பிக் கிடக்கின்றன. நடுவில் அப்பா நிற்கிறார். ஒரு பக்கம் பல் டாக்டர் வழிகிறார். இன்னொரு பக்கம், தையற்காரர் தன் கைக்குழந்தைக்குப் பவுடர் பூசி எடுத்து அனுப்பிய படத்தில் பவுடர் மொத்தமும் தொட்டிலுக்கு இறங்கிவிட்டது. கட்டட கான்ட்ராக்டர் கட்டி முடித்த வீட்டின் வெள்ளைச் சுவர் ரோட்டில் ஓடுகிறது. ஒரு கல்யாண ஜோடியில் மாப்பிள்ளையின் சட்டை பெண்ணின் காலடி வரை வந்து, அவர் ஏதோ இப்போதே கரையத் தொடங்கிவிட்டது மாதிரி தெரிகிறார். பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. என் கால் இரண்டும் என்னைக் கேட்காமலேயே பின்னால் நகர ஆரம்பித்தன.

"மை பீச்சுற ஹெட்டு அடைச்சிருக்கு," என்றார் மையண்ணன்.

"கழுவு," என்றார் அப்பா.

கழுவினார். மறுபடி அடித்தார். பல் டாக்டர் முன்பைவிடப் பளிச்சென்று வழிந்தார்.

"இன்னும் நல்லா கழுவு," என்றார் அப்பா.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "அப்பா" என்றுதான் ஆரம்பித்தேன். "நீயாவது போய் ஒழுங்கா படி, ஒருத்தராவது இந்த வீட்டுல உருப்படட்டும்," என்றார். உருப்பட வேண்டிய ஒரே ஆள் நான் என்று ஆகிவிட்ட பிறகு எப்படிச் சொல்வது? போய்ப் படித்தேன்.

அதன் பிறகு மெஷின் மெக்கானிக் வந்தார். பெரிய பையோடு வந்து, மெஷினைக் குப்புறத் தள்ளாத குறையாகப் பிரித்து, உள்ளே கையை விட்டு எதையோ கழற்றிப் பார்த்து, ஊதி, திரும்ப மாட்டினார். மெஷினுக்கு உள்ளேயே ஒரு சோதனைப் பக்கம் உண்டல்லவா, அதை அடித்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம். உடனே பல் டாக்டரை அடித்தார். பெல்ட் வரை வழிந்தது.

"டெஸ்ட் பேஜ்ல ஒழுங்கா வருது, படம் போட்டா மட்டும் நடிக்குது," என்றார் மெக்கானிக். "சார், இது ஆள் பாத்து வேலை செய்ற மெஷின்."

"எங்க அக்கா குடுத்தது," என்றார் அப்பா, காரணம் சொல்வது போல.

மெக்கானிக் அந்தப் படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "என் சர்வீஸ்ல இந்த மாதிரி ஒரு கோளாறை நான் பாத்ததே இல்ல. கோளாறுன்னா கண்ணை மூடிக்கிட்டு வரும். இது தேடித் தேடிப் போய் பல்லை மட்டும் கெடுத்திருக்கு. ஒரு இடத்துல கூட கை தவறல பாருங்க," என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பயத்தையும் மீறிக் கன்னம் சூடாகிவிட்டது. நான் வரைந்த எதையும் பள்ளியில் ஓவிய டீச்சர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. மெக்கானிக் மறுபடி எதையோ கழற்றி, ஏதோ ஒரு ஸ்பிரிங்கை இழுத்துவிட்டு, "கரண்ட்டு ஏறி இறங்குது. எலெக்ட்ரீஷியனைப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எலெக்ட்ரீஷியன் வந்தார். படத்தைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்று கடையை ஒரு தடவை முகர்ந்தார். "எர்த் இல்ல," என்றார். பின்பக்கம் ஒரு குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மெஷினுக்குப் பின்னால் இருந்த வயர்களை எல்லாம் பிடுங்கி வேறு மாதிரி செருகினார்.

"பல்லு வழியிறதுக்கும் எர்த்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று அம்மா கேட்டாள்.

"அக்கா, கரண்ட்டுக்கு எல்லாமே சம்பந்தம்தான்," என்றார் அவர்.

எர்த் வந்தது. பல் போகவில்லை. மை விற்பவர் வந்து காகிதம் ஈரம் என்றார். காகிதம் விற்பவர் வந்து மை கலப்படம் என்றார். இரண்டு பேரும் தற்செயலாக ஒரே நேரத்தில் கடையில் இருந்துவிட்டார்கள். அன்று மட்டும் கொஞ்சம் நன்றாகப் பொழுது போனது. இருவரும் போவதற்கு முன் தாங்களும் மெஷினைத் திறந்து கை வைத்துவிட்டுத்தான் போனார்கள். தெருவில் போகிறவர்கள் கூட உள்ளே வந்து ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிற அளவுக்கு நம் மெஷின் பொதுச் சொத்தாகிவிட்டது.

நடுவில் ஒரு நாள் அம்மா அரிசியைக் களைந்துகொண்டே, ரொம்ப சாதாரணமாக, "மெஷினையே போட்டு நோண்டுறீங்களே, படமே அப்படி இருக்குமோ? யாராவது கெடுத்து வெச்சிருப்பாங்களோ?" என்றாள். அப்பா கடை ஃபோனை எடுத்துப் படத்தைத் திறந்தார். அதிலும் பல் வழிகிறது. கம்ப்யூட்டரில் பார்த்தார். அங்கேயும் வழிகிறது. முடிந்தது கதை என்று நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அப்பா ஃபோனைத் தள்ளிப் பிடித்து, பக்கத்தில் பிடித்து, ஒரு முடிவுக்கு வந்தார்.

"ஃபோனுக்கும் பரவிடுச்சு," என்றார்.

"என்னது பரவிடுச்சு?"

"மெஷின்ல இருக்கிற வைரஸ். வயர் வழியா ஏறியிருக்கு. இல்லேன்னா, இவ்வளவு நுணுக்கமா உக்காந்து கெடுக்கிறதுக்கு ஒருத்தருக்கு மூளை வேணும். இந்த வீட்டுல யாருக்கு இருக்கு, சொல்லு பாப்போம்."

அம்மா என்னைப் பார்த்தாள், மையண்ணனைப் பார்த்தாள், யாருக்கும் இல்லை என்று ஒப்புக்கொண்டாள். ஒரே வாக்கியத்தில் என்னைக் காப்பாற்றி, அவமானமும் படுத்த அப்பாவால் மட்டும்தான் முடியும். வைரஸ் மேற்கொண்டு பரவாமல் இருக்க, கடை ஃபோனை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, இறுக்கி மூடி, அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். நான் அந்தப் பக்கமே போகக் கூடாது என்றும் உத்தரவு. எனக்குத் தொற்றிவிடக் கூடாதாம்.

பிறகு பல் டாக்டரே நேரில் வந்துவிட்டார். மையண்ணன் படத்தை விரித்துக் காட்டினார்.

"எங்கய்யா என் பல்லு?" என்றார் டாக்டர்.

"கொஞ்சம் கீழ பாருங்க சார். பெல்ட்டுகிட்ட இருக்கு," என்றார் மையண்ணன், உதவி செய்கிற நினைப்பில்.

"நான் ஊருக்குப் பல்லு கட்டுறவன். இதை மாட்டினா எவன் என்கிட்ட வாயைத் திறப்பான்? வாசல்லயே பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிடுவான்," என்று அவர் குதித்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்பா தலையைக் குனிந்து நான் பார்த்ததில்லை. கீழே விழுந்த ஸ்க்ரூவைத் தேடும்போது மட்டும் குனிவார். பத்து விரலையும் மடக்கிக்கொண்டு நின்றுவிட்டு, கடைசியில், "மெஷின் சரியில்ல சார். எங்க அக்கா தலையில கட்டினது," என்றார். அதை அவர் டாக்டரைச் சமாளிக்கத்தான் சொன்னார், அத்தை. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அப்பா ஒரு வார்த்தையை வெளியே விட்டுவிட்டால் அப்புறம் அதற்குச் சாப்பாடு போட்டு வளர்க்க ஆரம்பித்துவிடுவார். டாக்டரிடம் சொன்னதை மெக்கானிக்கிடம் சொன்னார், மெக்கானிக்கிடம் சொன்னதை டீக்கடையில் சொன்னார். சாயங்காலம் ஆவதற்குள் அவருக்கே அது உண்மை ஆகிவிட்டது. இரவு உங்களுக்கு ஃபோன் போட்டார்.

அந்தப் பேச்சில் உங்கள் பங்கு உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். நானும் அம்மாவும் துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சேதான குடுத்தீங்க?" என்றார் அப்பா.

"டேய், அந்த மெஷின் என்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு தும்மல் போட்டதில்ல. மெஷினைப் பாக்காத, ஓட்டுறவன் மூஞ்சியைப் பாரு," என்றது உங்கள் குரல், ஸ்பீக்கர் இல்லாமல்.

"வேண்டாததை எல்லாம் என் வீட்டுல கொண்டாந்து கொட்டிட்டு, குடுத்தேன் குடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிக்க வேண்டியது."

"நான் குடுத்தது மெஷின் இல்லடா. உன் பொழப்பு."

அதோடு இரண்டு பேரும் வைத்துவிட்டீர்கள். ஒரே நேரத்தில் வைத்ததால் யார் முதலில் வைத்தது என்று இங்கே இன்னும் முடிவாகவில்லை. "அவ வெச்சா" என்கிறார் அப்பா. "நீங்கதான்" என்கிறாள் அம்மா. கூடத்தில் மாட்டியிருக்கும் உங்கள் படத்தை அப்பா சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். தூசி தட்டும்போது அம்மா நேராகத் திருப்பினாள். அப்பா மறுபடி திருப்பினார். இப்போது நீங்கள் பக்கவாட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அது இருவரும் பேசாமலேயே செய்துகொண்ட உடன்பாடு. ஆனால் ஒன்று. நீங்கள் வழக்கமாகக் கூப்பிடும் நேரம் வந்தால் அப்பா அம்மாவின் ஃபோனை எடுத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கிறார். இருக்கிறது. கீழே வைக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சார்ஜ் பார்க்கிறார். எனக்கு இதைத்தான் பார்க்க முடியவில்லை. அடித்திருந்தால் கூடப் பரவாயில்லை.

நேற்று லாரிக்குச் சொல்லிவிட்டார். "மெஷின் அவ வீட்டுக்குப் போகட்டும். அதோட அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரு வயரும் கிடையாது," என்றார். மையண்ணன் போர்வையைச் சுற்றும்போது மூக்கை உறிஞ்சினார். இன்று எல்லாரும் தூங்கிய பிறகு நான் அலமாரி மேல் ஏறி டப்பாவை எடுத்தேன். ஃபோனைத் திறந்து, ஆப்பையே அழித்துத் தடயம் இல்லாமல் செய்துவிடலாம் என்றுதான், சத்தியமாக அதற்காகத்தான் எடுத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால், மூலையில் சின்னதாக, 'மூலப் படங்கள்' என்று ஓர் இடம். தொட்டால், எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். டாக்டர் பல்லோடு, குழந்தை பவுடரோடு, வீடு சுவரோடு, மாப்பிள்ளை முழுசாக. இவ்வளவு நாளும் உள்ளேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பயத்தில் நான் அந்த ஆப்பைத் திறக்கவே இல்லை, அதனால் தெரியவில்லை. எல்லாவற்றையும் பழையபடி எடுத்து வைத்துவிட்டேன். என் பல் டாக்டரை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. அவர் தனியாக ஓர் இடத்தில் இருக்கிறார்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். மெஷின் வந்து இறங்கியதும் சண்டைக்குக் கிளம்பாமல், ஒரு நாள் சும்மா இருங்கள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, "ஆமாண்டா, கெட்டுத்தான் இருந்தது, சரி பண்ணிட்டேன், திருப்பி அனுப்புறேன்," என்று மட்டும் சொல்லுங்கள். அந்த முதல் பாதியைச் சொல்வது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எதையும் கெட்டது என்று ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. மாமாவின் முழங்காலையே நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் அதைச் சொன்னால் அப்பா ஜெயித்துவிடுவார். ஜெயித்தால் இறங்கி வந்துவிடுவார். இறங்கி வந்தால் உங்களோடு பேசுவார். என் பெயரும் வெளியே வராது. தப்பு செய்யாத நீங்கள் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும், தப்பு செய்த நான் வாளி மேல் உட்கார்ந்திருப்பேன், அது நியாயம் இல்லை என்று எனக்கே தெரிகிறது. இருந்தாலும் கேட்கிறேன். வயதில் பெரியவர் நீங்கள், தாங்குவீர்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். முழங்காலுக்கும் தனியாக. இருக்கிற இடத்திலிருந்தே என்னை ஆசீர்வதித்துவிடுங்கள், முதுகில் ஒன்று போட்டு ஆசீர்வதிப்பதை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்களை விட்டால் வேறு போக்கில்லாத,
தம்பி மகள்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். அதாவது நான் செய்ததாகச் சொன்னது எல்லாம் உண்மை. மெஷினில் கோளாறு இல்லை என்றேனே, அது பொய்யாகிவிட்டது.

கடிதத்தை உள்ளே வைக்கக் கடைக்குப் போனேன். வெறும் கடிதத்தை நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, டாக்டரின் நல்ல படத்தையும் ஒன்று அடித்துச் சாட்சியாக வைத்துவிடலாம் என்று தோன்றியது. கயிற்றை அவிழ்த்து, போர்வையை விலக்கி, வயரைச் செருகி அழுத்தினேன். டாக்டர் வெளியே வந்தார். பல் வாயில்தான் இருந்தது. ஆனால் நெற்றியிலிருந்து பெல்ட் வரை குறுக்கே பச்சை, ஊதா, பச்சை, ஊதா. தவறான படத்தைப் போட்டுவிட்டேனோ என்று ஃபோனைப் பார்த்தேன். ஃபோனில் மனிதர் சுத்தமாக இருக்கிறார். என் கோடுகள் மேலிருந்து கீழே வழியும், இவை இடமிருந்து வலம் ஓடுகின்றன. என் கைவேலை இல்லை. கழுவியவர், கழற்றியவர், ஸ்பிரிங்கை இழுத்தவர், வயரைப் பிடுங்கியவர், போகிற போக்கில் தட்டியவர் என்று ஆளாளுக்குச் சரி செய்ததில், உங்களிடம் ஒரு தும்மல் போடாத மெஷின் நிஜமாகவே கெட்டுப்போய்விட்டது. உண்மையைச் சொன்னால், என்னுடையதைவிட நன்றாகவே இருக்கிறது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

அப்போது விளக்கு எரிந்தது. அப்பா. திருடன் என்று நினைத்துத் துடைப்பத்தோடு வந்து நின்றார். அச்சான படத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். இந்தத் தடவை நிஜமாகவே சொல்லத்தான் திறந்தேன்.

"பாத்தியா," என்றார் அப்பா. முகம் முழுக்கச் சிரிப்பு. "ஃபோன்ல சுத்தமா இருக்கு, பேப்பர்ல கோடு. டப்பாவுல போட்டு வெச்சதுல ஃபோன்ல இருந்த வைரஸ் செத்துடுச்சு, மெஷின்ல இருக்கிறது அப்படியே இருக்கு. நான் சொன்னப்போ ஒருத்தராவது நம்பினீங்களா?" உடனே மாடியைப் பார்த்து, "ஏய், எழுந்து வந்து பாரு உன் பொண்ணை. தூக்கத்தை விட்டுட்டு அப்பாவுக்காக ஆதாரம் எடுத்துக்கிட்டு இருக்கா," என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வந்து படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"மெஷினை மட்டும் அனுப்பினா உங்க அத்தை ஒத்துக்க மாட்டா. நீயே வந்து சாட்சி சொல்லு. நானும் வர்றேன். லாரியிலயே போயிடலாம்," என்றார் அப்பா.

ஆகவே அத்தை, இந்தக் கடிதம் மெஷினுக்குள் வராது. மெஷின் மேல் அப்பாவின் கை இருக்கிறது. என் பள்ளிப் பைக்குள் வரும். வந்ததும், தண்ணீர் கொடுக்கிற சாக்கில் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். மெஷின் கெட்டது என்று உங்களைச் சொல்லச் சொன்ன அந்தப் பொய் இனி வேண்டாம், இப்போது அது பொய்யே இல்லை. நீங்கள் படித்து முடித்ததும் நானே கூடத்துக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் சொல்வேன், நீங்கள் கொஞ்சம் நடுவில் நின்றுகொள்ளுங்கள். உங்களைச் சும்மா விடக் கூடாது என்று அப்பா இங்கே கூடத்தில் இப்போதே வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்லிக்கொண்டே, உங்களோடு சண்டை போட வருவதற்காக, இருப்பதிலேயே நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். கூடவே அம்மாவிடம், "அவளுக்கு என்ன வாங்கிட்டுப் போறது, வெறுங்கையோட போனா நல்லா இருக்காது," என்று கேட்கிறார்.